அம்பாசிடர் காரில் இசுசு இன்ஜின்

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தன் அம்பாசிடர் காரில் ஜப்பானின் இசுசு நிறுவனம் வடிவமைத்த 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து வேக கியர்பாக்ஸையும் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். என்று அது அழைக்கப்பட்டது. 1950களில் இங்கிலாந்தில் வரையப்பட்ட ஓர் உடலுக்குள் வேறொரு நாட்டில், வேறொரு காருக்காக உருவான இயந்திரம் இவ்வாறு இடம்பிடித்தது. பழைய காரின் உடலை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிற்கால வகைக்கு மாற்றுவது உலகெங்கும் மெக்கானிக் ஷெட்டுகளில் நடக்கும் வேலை. இந்தியாவில் அந்த வேலையைத் தொழிற்சாலைகளே செய்தன. ஒரு முறை மட்டும் அல்ல, பல முறை.

இசுசு இன்ஜின் வந்தபின் பழைய அம்பாசிடர்களை வைத்திருந்தவர்கள் பலர் தங்கள் கார்களிலும் அதைப் பொருத்திக்கொண்டார்கள். இன்று பழைய கார் ஆர்வலர்களிடையே நீடிக்கும் விவாதமும், போக்குவரத்துச் சட்டத்தில் உள்ள சிக்கலும் அங்கிருந்து தொடங்குகின்றன.

அம்பாசிடரின் முதல் இன்ஜின் எது?

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் பி.எம். பிர்லாவால் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் கார்களைக் கோக்கும் ஆலையாக இருந்து, 1948-ல் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் நிறுவனக் கார்களே அதன் அடிப்படை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு எம்.ஓ. இங்கே ஹிந்துஸ்தான் 14 ஆனது. ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசை லேண்ட்மாஸ்டர் ஆனது. ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை, 1950களின் இறுதியில், அம்பாசிடர் ஆனது.

மூன்றாம் வரிசை ஆக்ஸ்போர்டு இங்கிலாந்தில் விற்கப்பட்டபோது அதில் இருந்தது 1489 சி.சி. பி வரிசை இன்ஜின். 1952-ல் ஆஸ்டின் நிறுவனமும் மோரிஸின் தாய்க் குழுமமான நஃபீல்டும் இணைந்து பி.எம்.சி. என்ற பெருநிறுவனம் உருவானது. அதற்குப்பின் மோரிஸ் கார்களில் ஆஸ்டின் வழிவந்த இன்ஜின்கள் ஏறின. பி வரிசை அப்படி வந்தது. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில் இருக்கும். கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். இரண்டையும் நீண்ட புஷ்ராடுகள் இணைக்கும்.

ஆனால் உத்தர்பாராவிலிருந்து முதலில் வெளிவந்த அம்பாசிடர்களில் இந்த இன்ஜின் இல்லை. ஹிந்துஸ்தான் 14-லிலும் லேண்ட்மாஸ்டரிலும் இருந்த பழைய 1476 சி.சி. பக்கவால்வு இன்ஜினே இருந்தது. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நிற்கும் அந்த அமைப்பு அப்போதே காலம் கடந்துவிட்டது. 1959 வாக்கில் அதை எடுத்துவிட்டு 55 குதிரைத்திறன் கொண்ட பி வரிசை இன்ஜினைப் பொருத்தினார்கள். ஆக, இன்று 'அசல்' அம்பாசிடர் இன்ஜின் என்று ஆர்வலர்கள் போற்றும் பி வரிசையே அந்தக் காரின் இரண்டாவது இன்ஜின். அசல்தன்மை பற்றிய பேச்சில் இந்த விவரம் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

பி வரிசையின் நீண்ட ஆயுள்

ஒரே இன்ஜினை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியதற்குக் காரணம் வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. உரிம ஆட்சிக் காலத்தில் ஒரு தொழிற்சாலை எத்தனை கார் செய்யலாம், எந்த மாதிரியைச் செய்யலாம், எந்த இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம் என்பதை அரசே தீர்மானித்தது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்தது. வாங்குவோர் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கும் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை மாற்றும் நெருக்கடி எந்த நிறுவனத்துக்கும் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. பி வரிசை எளிமையானது. நடுச்சாலையில் நின்றுவிட்டாலும் ஸ்பானர் பெட்டியுடன் யாராவது ஒருவர் அதைக் கிளப்பிவிடுவார். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. விட்டத்தைவிட ஓட்டம் நீண்டிருப்பதால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும், அதிக வேகத்தில் மூச்சு வாங்கும். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வாடகைக் காருக்கு இது போதும். மேட்டூர் அணைக்கோ ஊட்டிக்கோ ஏறும்போது இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போகும், ஆனால் போய்ச் சேரும்.

கியர்பாக்ஸ் நான்கு வேகம் கொண்டது. கியர் கம்பி தரையில் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. அதனால் முன்னால் நீளமான ஒரே இருக்கை போட முடிந்தது, ஓட்டுநரோடு இரண்டு பேர் உட்கார முடிந்தது. வாடகைக் கார்க்காரர்கள் இதைப் பெரிய வசதியாகக் கருதினார்கள். பின்னாளில் தரை கியரும் தனித்தனி இருக்கைகளும் வந்தபோது முன்வரிசையில் ஓர் ஆள் குறைந்தார். முன்னேற்றத்துக்கான விலையாக அதைச் சகித்துக்கொள்ள எல்லோரும் தயாராக இல்லை.

டீசலுக்கு மாறிய கார்கள்

இன்ஜின் மாற்றம் இந்தியாவுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் தொடங்கப்பட்ட பெர்கின்ஸ் நிறுவனம், பெட்ரோல் லாரிகளில் டீசல் இன்ஜின் பொருத்துவதற்கென்றே மாற்றுத் தொகுப்புகளை விற்றது. சென்னையின் சிம்சன் நிறுவனம் செம்பியத்தில் பெர்கின்ஸ் இன்ஜின்களைத் தயாரித்தது. பெட்ரோல் குடித்துத் தள்ளிய பெரிய அமெரிக்கக் கார்களும் ஜீப்புகளும் பெர்கின்ஸ் டீசல் ஏற்றப்பட்டு இன்னும் பல காலம் ஓடின. அழகும் ஓசையின்மையும் போயின, லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் கூடியது. டீசலின் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவாக இருந்த நாட்டில் அந்தக் கணக்கை விளக்க வேண்டிய தேவை இல்லை.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் அதே கணக்கைப் போட்டது. மார்க் 4 காலத்தில் அம்பாசிடரின் டீசல் வடிவம் வந்தது. அதில் இருந்ததும் பி வரிசையின் டீசல் உடன்பிறப்புதான், அதே 1489 சி.சி. திறன் 37 குதிரைத்திறன் மட்டுமே. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காருக்கு இது மிகக் குறைவு. எதிரே லாரி வந்தால் முந்துவதா வேண்டாமா என்று ஓட்டுநர் நீண்ட நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். ஆயினும் டாக்சி நடத்துபவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பல பெட்ரோல் அம்பாசிடர்கள் ஷெட்டுகளில் டீசல் இன்ஜினுக்கு மாறின. பிளாக் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அந்த மாற்றம் பெரிய அறுவை வேலை ஆகவில்லை.

1980கள்: மூன்று தொழிற்சாலைகள், மூன்று சோதனைகள்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதுவரை போட்டி இல்லாத சந்தையில் இருந்த மூன்று பழைய நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. முழுக்கப் புதிய காரை வடிவமைக்கப் பணமும் நேரமும் இல்லை. மூன்றும் ஏறத்தாழ ஒரே வழியைத் தேர்ந்தன. வெளிநாட்டில் நிறுத்தப்பட்ட ஒரு காரின் உடலை வாங்கி, வேறெங்கிருந்தோ ஓர் இன்ஜினை அதற்குள் வைத்தன.

பம்பாயின் பிரீமியர் நிறுவனம் 1985-ல் 118 என்.இ. என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் 1960களின் ஃபியட் 124 வழிவந்தது, அச்சுகள் ஸ்பெயினின் சியட் நிறுவனத்திடமிருந்து வந்தவை. உள்ளே ஜப்பானின் நிசான் ஏ12 இன்ஜின், 1171 சி.சி., கூடவே நிசான் கியர்பாக்ஸ். பெயரில் உள்ள என்.இ. என்ற எழுத்துகளே நிசான் இன்ஜின் என்பதைக் குறிப்பவை. இத்தாலிய உடலும் ஜப்பானிய இயந்திரமும் நன்றாகவே ஒத்துப்போயின. 1990களின் இறுதியில் பழைய பிரீமியர் பத்மினியின் கடைசி வடிவமான எஸ்1-க்கும் அந்த நிசான் கியர்பாக்ஸ் போனது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கியது.

சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதற்கு நேர்மாறானதைச் செய்தது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-இன் உடல் ரோவர் எஸ்.டி.1 உடையது. இங்கிலாந்தில் அதில் இருந்த பெரிய வடிவம் 3.5 லிட்டர் வி8. இங்கே அந்தக் கம்பீரமான உடலுக்குள் வைக்கப்பட்டது, 1940களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சி.சி. இன்ஜின். இந்தியச் சாலைகளுக்காகக் காரை உயர்த்தியும் வைத்தார்கள். விலை அதிகம், எரிபொருள் செலவும் அதிகம், ஓட்டமோ தோற்றத்துக்கு ஏற்றதாக இல்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. புதிய உடலில் பழைய இன்ஜினை வைப்பது ஏன் தோற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தியக் கார் வரலாற்றில் இல்லை. ஹெரால்டு, கெஸல் போன்ற கார்களைச் செய்த அந்த ஆலை அதற்குப்பின் கார் தயாரிப்பில் எழவே இல்லை.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே தவறைச் செய்தது, ஆனால் திருத்திக்கொண்டது. 1984-ல் அது அறிமுகம் செய்த கான்டெஸா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்.இ. வரிசையின் உடல். அதற்குள் வைக்கப்பட்டது அம்பாசிடரின் அதே 1489 சி.சி. பி வரிசை, சுமார் 50 குதிரைத்திறன். நீண்ட, அகன்ற, கனமான கார். திரைப்படத்தில் பார்க்க நன்றாக இருந்தது, சாலையில் நகர மறுத்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் இசுசுவிடம் போனது.

ஏன் இசுசு?

வாக்ஸ்ஹாலும் இசுசுவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தோடு தொடர்புடையவை. வாக்ஸ்ஹால் அதன் துணை நிறுவனம். இசுசுவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1971-ல் பங்கு வாங்கியிருந்தது. வாக்ஸ்ஹாலின் பெட்ஃபோர்டு லாரிகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முன்பே தயாரித்தது. இந்தப் பழக்கம் வழியாக இசுசுவுக்குப் போவது இயல்பாக இருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் அமைந்த ஆலையில் தயாராயின.

வந்த பெட்ரோல் இன்ஜின் 1817 சி.சி. சிலிண்டர் விட்டம் 84 மி.மீ., ஓட்டம் 82 மி.மீ. பி வரிசைக்கு நேர்மாறாக, இதில் விட்டம் ஓட்டத்தைவிடப் பெரிது. பிஸ்டன் குறைந்த தூரம் பயணிப்பதால் கூடுதல் வேகத்தில் சுழல முடியும். பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கும். கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருப்பதால் நீண்ட புஷ்ராடுகள் தேவையில்லை.

இந்த இன்ஜினைப் 'புதியது' என்று சொல்வதில் சற்றுக் கவனம் வேண்டும். இசுசுவின் ஃப்ளோரியன், ஜெமினி கார்களிலும், அமெரிக்காவில் செவ்ரோலே பெயரில் விற்ற லவ் என்ற சிறு பிக்கப் வண்டியிலும் 1970களிலேயே இருந்த குடும்பம் இது. உத்தர்பாராவுக்கு வந்தபோது ஜப்பானில் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆயினும் பி வரிசையோடு ஒப்பிட அது ஒரு தலைமுறை முன்னே நின்றது. கான்டெஸா 1.8 ஜி.எல். அந்த இன்ஜினோடும் ஐந்து வேக கியர்பாக்ஸோடும் வந்தபோது, திறன் எண்பது குதிரைத்திறனைத் தாண்டியது. உடல் அதேதான். குறை உடலில் இல்லை, உள்ளே இருந்ததில்தான் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அம்பாசிடர் 1800

கான்டெஸாவில் சோதித்ததை அம்பாசிடருக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆயின. 1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வரத் தொடங்கின. 1950களின் எரிவறை அமைப்பு கொண்ட பி வரிசையால் அவற்றோடு நெடுநாள் போராட முடியாது என்பது தெரிந்தது.

அம்பாசிடரில் ஏறிய 1817 சி.சி. இன்ஜின் 75 குதிரைத்திறனுக்கு அமைக்கப்பட்டது. 55 என்பது 75 ஆனது. ஐந்தாவது கியர் இன்னும் முக்கியமான மாற்றம். நான்காவது கியரில் இன்ஜினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும். ஐந்தாவதில் ஷாஃப்ட் இன்ஜினைவிட வேகமாகச் சுழலும். அதே சாலை வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுழல்வதால் சத்தமும் எரிபொருளும் தேய்மானமும் குறைகின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கு இரவில் ஓட்டிப் போகிறவருக்குக் கூடுதல் குதிரைத்திறனைவிட இந்த அமைதியே பெரிய லாபம்.

காரின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் பழையபடியே இருந்தன. முன்னால் டார்ஷன் பார், பின்னால் இலைவில் பட்டைகள், கனமான பின் அச்சு. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அது தேவையான மாற்றம். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்தத்தைக் கூட்டாமல் விடுவது இன்ஜின் மாற்றத்தில் அடிக்கடி நிகழும் ஆபத்து. 84 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட இசுசுவின் 1995 சி.சி. டீசல் இன்ஜினும் பின்னர் கான்டெஸாவிலும் அம்பாசிடரிலும் வந்தது. 37 குதிரைத்திறன் டீசலை ஓட்டிச் சலித்தவர்களுக்கு அது வேறு காராகவே தோன்றியிருக்க வேண்டும்.

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு அமரும் விளிம்பை எரிபொருளில் இருந்த ஈயம் ஒரு மெல்லிய பூச்சாகக் காத்துவந்தது. அது போனபின் நீண்ட தூரம் வேகமாக ஓடும் கார்களில் அந்த விளிம்பு தேயும். கடினமான வளையம் பதித்துச் சரிசெய்யலாம். ஆனால் ஹெட்டைக் கழற்றிச் செலவு செய்வதென்றால் மொத்தமாக இன்ஜினையே மாற்றிவிடலாமே என்று பல உரிமையாளர்கள் நினைத்ததற்கு இதுவும் ஒரு தூண்டுதல். 1999-ல் உச்ச நீதிமன்றம் தில்லித் தலைநகர்ப் பகுதியில் யூரோ விதிகளை முன்கூட்டியே கட்டாயமாக்கியபோது தொழிற்சாலைகள் மீதும் அழுத்தம் கூடியது.

ஷெட்டில் நடந்த மாற்றம்

தொழிற்சாலையே அம்பாசிடர் உடலில் இசுசு இன்ஜினைப் பொருத்திக் காட்டிவிட்டதால், மார்க் 2, மார்க் 3 வைத்திருந்தவர்களுக்கு வழி தெளிவாக இருந்தது. விபத்தில் சிக்கிய அல்லது துருவேறிய 1800 ஒன்றை, இல்லையேல் ஒரு கான்டெஸாவை வாங்கி, அதன் இன்ஜினைப் பழைய காருக்கு மாற்றலாம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் இருக்கும்வரை பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாகவே எடுப்பார்கள். இன்ஜினை மட்டும் எடுத்துப் பழைய கியர்பாக்ஸோடு கோத்தால் பெல் ஹவுசிங் துளைகள் பொருந்தாது. இடையில் ஒரு தகடு கடைய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பற்கள் ஷாஃப்டோடு ஒத்துவராது. கிராங்க் நடுவும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நடுவும் மயிரிழை விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். போதாததற்கு, பழைய நான்கு வேகப் பெட்டி 55 குதிரைத்திறனுக்குச் செய்யப்பட்டது.

இரண்டையும் ஒன்றாக வைத்தாலும் வேலை தீர்வதில்லை. முதலில் மவுண்டிங். இன்ஜின் எங்கே உட்காரும், சம்ப் முன்புறக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தபின்தான் வெல்டிங் தொடங்கும். கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை லேத் பட்டறையில் வெட்டி இணைத்து, சமன் பார்க்க வேண்டும். சமன் பார்க்காத ஷாஃப்ட் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காரையே அதிரவைக்கும். இன்ஜின் சாயும் கோணமும் பின் அச்சின் மூக்குக் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் கிராஸ் அடிக்கடி தேயும். தரை கியருக்காகக் காரின் அடித்தளத்தில் துளை வெட்ட வேண்டும், நீள இருக்கையை எடுக்க வேண்டும், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கம்பிகளை அகற்ற வேண்டும். ஸ்பீடாமீட்டர் கேபிளும் பொய் சொல்லத் தொடங்கும். மிகப் பழைய கார்களில் இன்னொரு பொறி உண்டு. அக்கால பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடலோடு இணைப்பார்கள். ஆல்டர்னேட்டர் உள்ள புதிய இன்ஜினுக்கு நெகட்டிவ் முனைதான் உடலோடு இணைய வேண்டும். மறந்து பழையபடி இணைத்தால் ஆல்டர்னேட்டர் அந்தக் கணமே எரியும்.

நன்றாகச் செய்யப்பட்ட மாற்றத்தை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மோசமாகச் செய்யப்பட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

ஓர் இங்கிலாந்து உறவினர்

அம்பாசிடரின் பி வரிசையும் எம்.ஜி.பி. என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே குடும்பம். எம்.ஜி.பி.யில் இருந்தது அதன் 1798 சி.சி. வடிவம். அந்தக் காரிலும் இதே கதை நடந்தது, திசை மட்டும் வேறு. 1970 வாக்கில் கென் காஸ்டெல்லோ என்ற பந்தய வீரர், எம்.ஜி.பி.க்குள் ரோவரின் 3.5 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அமெரிக்காவின் பியூக் நிறுவனம் வடிவமைத்த அந்த இன்ஜின் அலுமினியத்தால் ஆனது. எட்டு சிலிண்டர் இருந்தும், வார்ப்பிரும்பு பி வரிசையோடு ஒப்பிட எடை பெரிதாகக் கூடவில்லை. தனி ஆள் செய்துகாட்டியபின் தொழிற்சாலை விழித்தது. 1973 முதல் 1976 வரை பிரிட்டிஷ் லேலண்ட் எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரைத் தயாரித்தது. மொத்தம் 2,591 கார்கள். அங்கே ஷெட் முன்னே போனது, தொழிற்சாலை பின்தொடர்ந்தது. அம்பாசிடரில் தொழிற்சாலை முன்னே போனது.

பதிவுச் சான்றிதழில் உள்ள சிக்கல்

இன்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. கொள்ளளவும் எரிபொருளும்கூட. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு முதலில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு வாகனத்தை மாற்றியமைக்க இடம் தந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இறுக்கியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விலகும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்றது. அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினை அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை ரத்து செய்து, இந்தப் பிரிவின் கண்டிப்பான பொருளை உறுதிசெய்தது.

1489 சி.சி. அம்பாசிடரில் 1817 சி.சி. இன்ஜின் வைத்தால் அது 'அதே நிறுவனம், அதே வகை' ஆகுமா? இரண்டும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தந்தவை, இரண்டும் பெட்ரோல் என்று உரிமையாளர் வாதிடலாம். கொள்ளளவு மாறுகிறது, எனவே வகையும் மாறுகிறது என்று ஆர்.டி.ஓ. சொல்லலாம். பின்னதற்கே சட்டத்தின் சொற்களில் வலு அதிகம். திருத்தத்துக்கு முன்பே மாற்றி, பதிவிலும் ஏற்றியவர்களுக்குக் கவலையில்லை. மாற்றிவிட்டுப் பதிவில் ஏற்றாமல் ஓட்டியவர்கள் கார் விற்கும்போதும், பதிவைப் புதுப்பிக்கும்போதும், விபத்துக்குப்பின் காப்பீடு கேட்கும்போதும் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்குபவர் இன்ஜின் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் தருவது பெரிய தவறு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எரிவாயு, மின்சாரம் போன்ற மாற்று ஆற்றலுக்கு மாற்றுவதற்கு அதே பிரிவு விலக்கு தருகிறது. அங்கீகாரம் பெற்ற மின்மோட்டார் தொகுப்பை ஓர் அம்பாசிடரில் முறைப்படி பொருத்தலாம். அதே காரின் பிற்கால மாதிரியில் இருந்த இன்ஜினைப் பொருத்துவதுதான் சந்தேகத்துக்கு உரியது.

இங்கிலாந்தில் நீண்ட காலம் இதை எண்ணிக்கையால் தீர்த்தார்கள். மாற்றியமைத்த கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளிகள் வேண்டும். அசல் சேஸி அல்லது உடலுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. கார் என்பது அதன் உடல்தான், இன்ஜின் தேய்ந்து மாறும் பொருள் என்ற பார்வை அந்தக் கணக்கில் தெரிகிறது. இந்தியச் சட்டத்தின் பார்வை வேறு. 2021-ல் வந்த பழங்கால வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காருக்கு வி.ஏ. என்ற சிறப்புப் பதிவு எண் கிடைக்கும். ஆனால் சேஸி, உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1965-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்றில் இசுசு இன்ஜின் இருந்தால் அந்த வாசல் மூடிக்கொள்கிறது. இதனால், ஒரு காலத்தில் பணம் செலவழித்து இன்ஜினை மாற்றியவர்களில் சிலர் இப்போது மறுபடி செலவழித்துப் பி வரிசையைத் தேடுகிறார்கள். கழற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல் கொட்டகை மூலையில் வைத்திருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

பிற்காலம்

கான்டெஸா 2002 வாக்கில் நின்றது. அம்பாசிடர் கிராண்ட், அவிகோ, என்கோர் என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. உடலின் கோடுகள் மாறவில்லை. உள்ளே இசுசு இன்ஜின்களோடு பழைய 1.5 லிட்டர் டீசலும், மாசு விதிகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, கடைசிவரை இருந்தது. நிறுவனம் இதற்கிடையே திருவள்ளூரில் மிட்சுபிஷி லேன்சர் காரைத் தயாரித்தது. ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து ஹலோலில் ஓப்பல் காருக்கும் முயன்றது. அந்தக் கார்களில் இருந்து எதையும் அம்பாசிடருக்குக் கொண்டுவரவில்லை. 1990களில் நடந்த இசுசு மாற்றமே அந்தக் காருக்குக் கிடைத்த கடைசிப் பெரிய உதவி. அது ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயுளை வாங்கித் தந்தது. அந்த இருபது ஆண்டுகளில் புதிய உடல் ஒன்றை உருவாக்காமல் விட்டதற்கும் அதுவே வசதியான காரணமாக அமைந்தது என்று சொல்லலாம்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை வேலையை நிறுத்தியது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு விற்கப்பட்டது. ஆலை மூடியபின் இசுசு இன்ஜினுக்கான உதிரிபாகங்கள் அரிதாகி வருகின்றன. பி வரிசைக்கு அந்தக் கவலை குறைவு. எம்.ஜி. கார்களால் அந்தக் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்யப்படுகின்றன, உள்ளூர் லேத் பட்டறைகளுக்கும் அது பழகிய இரும்பு.